வாட்டம் பார்த்தவர்

எங்கள் கடைக்குள் முதல் தடவை நுழைந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். மேசையில் இருந்த கோப்பையை எடுத்து, நான் குடித்து மிச்சம் வைத்திருந்த தேத்தண்ணியைச் சிமெந்துத் தரையில் ஊற்றினார். அது மெதுவாக ஊர்ந்து என் தையல் மெஷின் பக்கம் வந்தது.

"வாட்டம் தப்பு. இதைக் கட்டினவனைச் செருப்பால அடிக்கணும்" என்றார்.

"அண்ணே, மெதுவாப் பேசுங்க. இது பட்டினசபைத் தலைவரோட கட்டடம்."

"அப்படியா? அப்ப ரெண்டு செருப்பு வேணும்."

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் துணியை எடுத்துத் தரையைத் துடைத்தேன். அன்றிலிருந்து ஏழு வருஷம் அந்த அறையை நாங்கள் பங்கு போட்டுக்கொண்டோம். முன்பாதியில் என் மெஷின். பின்பாதியில் அவருடைய பலகைகள், தூரிகைகள், தூள் வர்ணச் சட்டிகள், வர்ணத்தில் கலக்க அவர் காய்ச்சும் வச்சிரப் பசையின் நாற்றம். நான் தைத்துக் கொடுத்த சட்டைகளிலும் அந்த நாற்றம் இருந்ததாக வாடிக்கைக்காரர்கள் சண்டை பிடித்திருக்கிறார்கள்.

எங்கள் பஜார் பெல்மதுளையிலிருந்து கலவானைக்குப் போகிற பக்கம், ஒரு ஆற்றுக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் நடுவில் நெருக்கியடித்துக் கிடந்தது. அவர் கடைகளுக்கு விளம்பரப் பலகை எழுதுவார். தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் நாடகம் போட்டால் பின்னால் தொங்கும் திரைகளையும் அவர்தான் எழுதுவார். அந்தத் திரைகளைச் சீன் என்போம். தர்பார் சீன், காட்டு சீன், தெரு சீன். அதனால் தமிழர்களுக்கு அவர் சீன்காரர், சிங்களவர்களுக்குச் சித்ர மாத்தயா. குடியிருந்தது ஒரு மைல் தள்ளி, அந்த ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகளில் ஒன்றில். மனைவி ரப்பர் பால் வெட்டப் போவார்.

அவருடைய கோபத்தைப் பற்றி ஊரில் நிறையக் கதை உண்டு. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த சைவக் கடைக்குப் புதுப் பலகை எழுதக் கூப்பிட்டார்கள். 'சுத்தமான சைவ உணவு' என்று எழுத வேண்டும். இவர் ஏணியில் ஏறுவதற்கு முன்னால் கடையின் பின்பக்கம் போனார்.

"மொதலாளி, பாத்திரம் கழுவுற தண்ணி எங்க போவுது?"

"ஓடைக்கு."

"ஓடை எங்க போவுது?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும். கீழ லயத்துப் பீலிக்கு வருது. அதைத்தான் நாங்க குடிக்கிறோம்."

ஏணியில் ஏறினார். 'சைவ உணவு' என்று அழகாக, நிழல் வைத்து, சிவப்பில் எழுதினார். அதற்கு முன்னால் 'சுத்தமான' வரவேண்டிய இடத்தை அளந்து காலியாக விட்டுவிட்டு இறங்கினார். முதலாளி கத்தினார். "குழி வெட்டுங்க, வந்து எழுதுறேன்" என்று சொல்லிவிட்டு இவர் வந்துவிட்டார். முதலாளி குழியும் வெட்டவில்லை, இன்னொரு ஆளை வைத்து எழுதவும் இல்லை. அந்தப் பலகை பாதி காலியாகவே வருஷக்கணக்கில் தொங்கியது. ஊரே அதைப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

எல்லாக் கதையும் சிரிக்கிற கதை அல்ல. லயத்துப் பீலியில், மூங்கில் குழாய் வழியாகக் குடிதண்ணீர் விழுகிற அதே இடத்தில், ஒரு வயசான அம்மா பேரப்பிள்ளையின் துணியை அலசிக்கொண்டிருந்தார். இவர் போய் அந்த அம்மாவின் பேசினைக் காலால் எட்டி உதைத்தார். பேசின் உருண்டு பள்ளத்தில் விழுந்தது. அந்த அம்மா பயந்து அழுதார். லயத்தில் யாரும் ஒரு மாசம் இவரோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம்! இவர் மன்னிப்புக் கேட்கவில்லை. பால் வெட்டு முடிந்து மனைவி வந்ததும், இரண்டு பேருமாக ஆற்றிலிருந்து ஒரு பெரிய கல்லை உருட்டிக் கொண்டுவந்து, பீலிக்கு இருபது அடி கீழே போட்டு, துவைக்கிற கல் ஆக்கினார்கள். தண்ணீர் வருவதற்கு ஒரு வாய்க்காலும் போவதற்கு ஒரு வாய்க்காலும் வெட்டினார்கள். அந்த அம்மா அந்தக் கல்லில் ஒருநாளும் துவைக்கவில்லை. மற்றவர்கள் துவைத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய மனைவி சோறு கொண்டுவந்த ஒரு மத்தியானம், "இவருக்கு ஏன் இவ்வளவு கோவம், அக்கா?" என்று கேட்டேன்.

அவர் சோற்றுப் பொட்டலத்தை மேசையில் வைத்தார். "எங்க மூத்தவ அந்தப் பீலித் தண்ணியிலதான் போனா, தம்பி. பேதி. ரெண்டு நாள். தோட்டத்து டிஸ்பென்சரு மருந்து தீந்துபோச்சுன்னாரு. அவ செத்தது காய்ச்சல்லன்னு எழுதிக் கையெழுத்துக் கேட்டாரு. இவருக்குப் படிக்கத் தெரியும், அதான் வினை. படிச்சுப் பாத்துட்டு, காய்ச்சல் இல்ல, தண்ணின்னு எழுதுங்கன்னு சண்டை போட்டாரு. எழுதல."

அவ்வளவுதான் சொன்னார். போய்விட்டார். அதற்குப் பிறகும் நான் அவருடைய கோபத்துக்குப் பயந்தேன், ஆனால் சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

பாணுக்குப் பேக்கரி வாசலில் வரிசையில் நின்ற காலம் அது. எழுபத்து நாலு, எழுபத்தஞ்சு இருக்கும். துணி கூப்பனுக்குத்தான். தோட்டத்துத் திருவிழாவுக்குப் புதிதாக ஒரு தெரு சீன் வேண்டும் என்று கேட்டார்கள். திரைக்குத் துணி இல்லை. பேக்கரியில் கெஞ்சி வெறும் மாச் சாக்குகளை வாங்கி வந்தார். நான் அவற்றைப் பிரித்து, துவைத்து, ஒன்றோடொன்று தைத்துக் கொடுத்தேன். இருபது அடி நீளம். அதைப் பின்சுவரில் அடித்துவிட்டு, ஒரு கரித்துண்டால் புள்ளி வைக்க ஆரம்பித்தார். வரிசை வரிசையாகப் புள்ளி.

"என்ன அண்ணே, கோலம் போடுறீங்களா?"

"ஆமா. சிக்குக் கோலம். பாத்திருக்கீங்களா? கோடு எல்லாப் புள்ளியையும் சுத்தி வரும். எங்கயாவது புள்ளியைத் தொடுதா?"

"தொடாது."

"புள்ளி நல்ல தண்ணி. கோடு ஊத்தைத் தண்ணி. நம்ம பொம்பளைங்க தினம் வாசல்ல இதைத்தான் போடுறாங்க. ஊரைக் கட்டுனவனுக்குத்தான் தெரியல."

நாலு மாசம் எழுதினார். நாடகத் திரையில் வழக்கமாக வருகிற தெரு எப்படியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு பக்கமும் தூண் வைத்த மாளிகை, நடுவில் ராஜா நடந்து வர வழி. இவர் எழுதியது எங்கள் பஜார். ஆனால் எங்கள் பஜார் அப்படி இல்லை. வெசாக் மாசத்து மழையில் ஆறு ஏறி வந்து மூழ்கடிக்கிற கடைகளை எல்லாம் மேட்டுக்கு ஏற்றியிருந்தார். ஆற்றங்கரையை மரத்துக்கும் மாட்டுக்கும் பிள்ளைகள் விளையாடவும் விட்டிருந்தார். மாணிக்கம் தோண்டிவிட்டு மூடாமல் போன குழிகளில் பலாவும் கித்துளும் நின்றன. பஸ் நிறுத்தம் ஒரு பெரிய மர நிழலில். ஓட்டுக் கூரைகளில் விழுகிற மழை மூங்கில் பீலி வழியாகத் தொட்டிக்குப் போனது. சாக்கடை வீடுகளின் பின்னால் வளைந்து வளைந்து போய், சேம்பும் வல்லாரையும் மண்டிய பாத்திகளுக்குள் புகுந்து, மெலிந்து, தெளிந்து ஆற்றில் விழுந்தது. லயத்தைக் காணோம். அதன் இடத்தில் தனித்தனி வீடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜன்னல், வாசலில் ஒரு பீலி, அதற்கு முன்னால் ஒரு கோலம். தெருவின் ஒரு முனையிலிருந்து எங்கள் கோயில் தேர் வந்தது. மறுமுனையிலிருந்து புத்த கோயில் பெரஹரா ஊர்வலத்து யானை வந்தது. இரண்டும் இடிக்காமல் கடக்கிற அளவுக்குத் தெரு அகலம்.

"இவ்வளவு அகலம் எதுக்கு?" என்று கேட்டேன்.

"தேர் திரும்புற தெருவுலதான் ஆஸ்பத்திரி வண்டியும் திரும்பும்."

திருவிழாக் கமிட்டிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். கமிட்டித் தலைவர் தலையைச் சொறிந்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ராஜா எங்க நடப்பாரு? மாளிகையே இல்லையே. பீலியும் சாக்கடையுமா இருந்தா சனம் சிரிக்குமே."

"ராஜா இந்தத் தெருவுல நடக்கட்டும். நடந்து பாத்தா அவனுக்குப் புத்தி வரும்."

கமிட்டி பழைய சீனையே கட்டிக்கொண்டது. இவர் திரையைச் சுருட்டி மூலையில் சாத்தினார்.

அது அங்கேயே கிடந்திருக்கலாம். எடுக்க வைத்தது நான். அடுத்த வருஷம் பட்டினசபை ஒரு கண்காட்சி அறிவித்தது. 'நாளைய நமது நகரம்' என்று படமோ மாதிரியோ செய்து கொடுக்கலாம், பரிசு உண்டு, முதல் பரிசு பெற்றதைப் பார்த்துச் சபை வேலை செய்யும் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. நான்தான் அதைக் கொண்டுவந்து அவரிடம் காட்டினேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார். கடைசி வரியை விரலால் தொட்டு, "இது நெசமா?" என்று கேட்டார்.

"அச்சுப் போட்டிருக்காங்களே, அண்ணே."

சபை மண்டபத்தின் ஒரு முழுச் சுவரையும் அந்தத் திரை பிடித்தது. மற்றப் படங்களின் முன்னால் நின்றவர்கள் நடந்துகொண்டே பார்த்தார்கள். இதன் முன்னால் வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். மாணிக்கக் குழி வேலைக்காரர்கள் சேற்றுக் காலோடு வந்து நின்றார்கள். மரக்கறி விற்கிற சிங்கள அம்மா ஒருத்தி கிட்டே போய், "மேக அபே கெதர நேத?" என்று ஆற்றோரத்து வீடு ஒன்றைத் தேடி, அது மேட்டில் இருப்பதைக் கண்டுபிடித்து, இது எங்கள் வீடுதானே என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். வருஷா வருஷம் அவள் வீட்டுக்குள் ஆறு வரும். இவர் ஒரு மூலையில் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அன்றைக்கு மட்டும் அவர் முகத்தில் கோபத்தை நான் பார்க்கவில்லை.

பரிசு சொல்ல இரத்தினபுரியிலிருந்து வந்திருந்த சிங்களச் சித்திர ஆசிரியர் நேரே இதன் கீழே வந்து, இதற்குத்தான் முதல் பரிசு என்றார். சபைக் கிளாக்கர் பேர் விலாசம் எழுதப் புத்தகத்தைத் திறந்தார். சீன்காரர் தன் பேரைச் சொன்னார். விலாசம், தோட்டத்து லயம். கிளாக்கர் பேனாவை நிறுத்தினார்.

"பிரஜாவுரிமை இருக்கா?"

"இந்தியாவுக்கு எழுதியிருக்காங்க. இன்னும் பேப்பர் வரல."

தோட்டத்துச் சனங்களில் பெரும்பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டிருந்த காலம் அது. சபைத் தலைவர் அருகில்தான் நின்றார். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை. அவர் சத்தம் போடவில்லை. சிங்களத்தில், வெகு சாதாரணமாக, "போகப் போகிறவனுக்கு இந்த ஊர் நாளைக்கு எப்படி இருந்தால் என்ன?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஏனென்றால் அதில் எங்கள் கடைத்தெருத் தமிழர்களும் இருந்தார்கள். எங்களிடம் பிரஜாவுரிமைப் பத்திரம் இருந்தது அல்லவா.

முதல் பரிசு ஒரு மாணிக்க வியாபாரியின் மகன் அட்டையில் செய்த முப்பது மாடிக் கட்டடத்துக்குப் போனது. ஜன்னல் எல்லாம் கண்ணாடித் துண்டு. சீன்காரர் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"முப்பது மாடிக்காரனும் கழுவுற தண்ணி எங்க போவுது?"



அந்தச் சித்திர ஆசிரியர் நல்ல மனுஷன். அவருக்கு மனம் கேட்கவில்லை. தலைவரோடு தனியாகப் பேசிவிட்டு என்னிடம் வந்தார். "நீ தைத்த துணிதானே? உனக்குப் பிரஜாவுரிமை இருக்கிறது. உன் பேரில் பதிந்தால் இரண்டாம் பரிசு கொடுக்கலாம். படம் சபையில் இருக்கும். நாலு பேர் பார்ப்பார்கள்" என்றார். நான் சீன்காரரைப் பார்த்தேன்.

"போடுங்க, டெய்லர்" என்றார். "பேர் கெடக்குது. படம் அவங்க கண்ணு முன்னால தொங்கட்டும்."

கையெழுத்துப் போட்டேன். சான்றிதழ் என் பேரில் வந்தது. அதைக் கடையில் மாட்டினேன். வெட்கமில்லாமல், கண்ணாடிச் சட்டம் போட்டு. பார்க்கிறவர்கள் "டெய்லர் படமும் வரைவாரா?" என்று கேட்பார்கள். நான் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அவர் பின்பாதியில் உட்கார்ந்து பலகை எழுதிக்கொண்டிருப்பார். கேட்டிருக்கும்.

திரை சபை மண்டபத்தில் இரண்டு மாசம்கூடத் தொங்கவில்லை.

ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. நான் மெஷினில் இருந்தேன், அவர் வாசலில் நின்று தெருத் தண்ணீர் போகிற வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சபையின் குப்பை டிரக்டர் மேட்டிலிருந்து வந்தது. மழையில் குப்பை வழியாமலிருக்க மேலே ஒரு துணியைப் போட்டு மூடியிருந்தார்கள். கடையைத் தாண்டும்போது அதிலிருந்து நீலமும் பச்சையும் ஒழுகுவதை நானும் பார்த்தேன். ஒரு நிமிஷம் எனக்கு விளங்கவில்லை. அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

அந்த வயசில் அந்த மனுஷன் அப்படி ஓடுவார் என்று நான் நினைத்ததில்லை. ஓடுகிற டிரக்டர் பெட்டியைப் பிடித்து ஏறினார். குப்பைமேல் நின்றுகொண்டு திரையை இழுத்தார். சாக்குத் துணி நனைந்து கனத்துக் கிடந்தது. இழுக்க இழுக்கக் கிழிந்தது. டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு, "ஏய், மொகத மே கரன்னே!" என்ன செய்கிறாய் என்று கத்திக்கொண்டு இறங்கினான். இவர் மேலிருந்து கெட்ட வார்த்தைகளை இரண்டு பாஷையிலும் கொட்டினார். வாழையிலையும் மீன் செதிலும் தெருவெல்லாம் சிதறின. அவர் கையிலும் நெஞ்சிலும் வர்ணம் வழிந்தது. அந்தக் குப்பை எங்கே போய்க்கொண்டிருந்தது என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சபை புதிதாகக் குப்பை கொட்டத் தொடங்கியிருந்த இடம் லயத்துப் பீலிக்கு மேலே இருந்த சரிவு.

பொலிஸ் அவரைக் கூட்டிக்கொண்டு போனது. சபைச் சொத்தை நாசம் செய்த குற்றம். என்னையும் கூப்பிட்டார்கள். சார்ஜனுக்கு அவர்மேல் கோபம் ஒன்றும் இருந்த மாதிரித் தெரியவில்லை. என் கடையிலிருந்து எடுத்துவரச் சொன்ன சான்றிதழை மேசைமேல் வைத்திருந்தார்.

"இதில் உன் பேர் இருக்கிறது" என்றார். "படம் உன்னுடையதா, சபையுடையதா? உன்னுடையது, நீதான் எடுத்துவரச் சொன்னாய் என்றால் சொல்லு. நான் எழுதிக்கொண்டு இவனை அனுப்பிவிடுகிறேன்."

பக்கத்து நாற்காலியில் தலைவர் உட்கார்ந்திருந்தார். என் கடை இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர். அவர் என்னை மிரட்டவில்லை. ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பிக்குப் பின்னால், உடம்பெல்லாம் நீலமும் பச்சையுமாக, சீன்காரர் நின்றார். அவர் என்னைப் பார்த்தார்.

"சபையோடது, ராலஹாமி" என்றேன்.

அவ்வளவு சுலபமாக வந்தது வாயில்.

இரண்டு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவர் கடைக்கு வரவில்லை. மனைவி வந்து தூரிகைகளை எடுத்துக்கொண்டு போனார். வருஷக்கணக்கில் எங்கோ தூங்கிக்கொண்டிருந்த இந்தியப் பேப்பர் மூன்று வாரத்தில் வந்தது. யார் யாரிடம் பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. தானாக வந்தது என்று நம்புகிற அளவுக்கு நான் முட்டாளும் இல்லை. ஒரு மனுஷனை அவன் பிறந்த இடத்திலிருந்து தபாலில் அனுப்புகிற மாதிரி அனுப்பினார்கள். முத்திரை, கையெழுத்து, தலைமன்னார் ரயில், கப்பல். அவர் பிறந்தது அந்த லயத்தில்தான். அவர் பிள்ளையைப் புதைத்ததும் அங்கேதான். இந்தியாவில் அவருக்கு ஒரு ஊரின் பேர்தான் தெரியும், அதுவும் பாட்டன் சொன்னது.

புறப்படுகிற அன்று நான் இரண்டு சட்டை தைத்து எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். அளவு எடுக்கத் தேவையில்லை, எனக்கு அவர் உடம்பு தெரியும். அவர்கள் இருந்த காம்பரா அறையின் வாசலில் தகரப் பெட்டியும் பாயும் கட்டி வைத்திருந்தது. மனைவி சட்டைகளை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார். "மேல இருக்காரு" என்றார்.

சரிவில் ஏறினேன். குப்பை மேட்டுக்குக் கீழே ஒரு வடிகான் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவரும் இன்னும் மூன்று பேரும். நாலு பேருமே அன்று மத்தியானம் லாரி ஏறப் போகிறவர்கள். குப்பையிலிருந்து வடிகிற கறுப்புத் தண்ணி நேரே பீலியின் ஊற்றுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் தடுத்து ரப்பர் காட்டுப் பக்கம் திருப்ப ஒரு கான். குச்சி நட்டு, கயிறு கட்டி, வாட்டம் பிசகாமல் வந்திருந்தது. இருக்கப்போகிறவர்களில் சிலர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

"அண்ணே" என்றேன்.

அவர் நிமிரவில்லை.

"அண்ணே, அன்னைக்கு நான்..."

"டெய்லர், சட்டையைக் கழட்டி வைங்க. அழுக்காயிடும்." பக்கத்தில் கிடந்த மம்பட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினார். "பேசாம வெட்டுங்க."

வெட்டினேன். ஊசி பிடித்த கை. பத்து நிமிஷத்தில் கொப்புளம் போட்டு உடைந்தது. அவர் ஒரு தடவை என் காலடியில் குனிந்து, நான் வெட்டிய இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, "இங்க தூக்கலா இருக்கு" என்றார். திரும்ப வெட்டினேன்.

லாரி கீழே வந்து ஹோர்ன் அடித்தது. மற்ற மூன்று பேரும் மம்பட்டியைப் போட்டுவிட்டு இறங்கினார்கள். அவர் மட்டும் வெட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை அடித்தது. மனைவி கீழிருந்து கூப்பிட்டார். அவர் மம்பட்டியைத் துடைத்து ஒரு ரப்பர் மரத்தில் சாய்த்து வைத்தார். முழங்கால் வரை சேறு.

"இன்னும் ரெண்டடி இருக்கு. முனையில கல்லு வரும், பாத்து."

அவ்வளவுதான். மன்னித்தேன் என்றோ, மன்னிக்கவில்லை என்றோ அவர் சொல்லவில்லை. கீழே அழுகைச் சத்தம் கேட்டது. பிறகு லாரி வளைவில் கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க எனக்கு மூஞ்சி இல்லை.

இரண்டாவது அடியில் கல் வந்தது. பெரிய கல். கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்களைப் பார்த்து, "என்னடா பாக்குறீங்க, வாங்கடா!" என்று நான் கத்தினேன். அப்படி யாரிடமும் நான் கத்தினதே இல்லை. இரண்டு பேர் வந்தார்கள். கல்லைப் புரட்டித் தள்ளச் சாயங்காலம் ஆகிவிட்டது. கறுப்புத் தண்ணி முதலில் தேங்கி நின்றது. பிறகு மெதுவாக முனையைத் தேடி, திரும்பி, ரப்பர் காட்டுப் பக்கம் ஓடியது. கீழே பீலியில் ஒரு பெண் குடத்தை வைத்தாள். அது நிறைந்து, அவள் இடுப்பில் எடுத்துக்கொண்டு போகிற வரைக்கும் நான் அங்கேயே நின்றேன்.